பயிற்றாசிரியரும் பார்ப்போரும்

வெள்ளிக்கிழமைதோறும் ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை கூடுகின்றது. மலையடிவாரத்துச் சிற்றூர்களினின்றும் ஆடுகளை ஓட்டிவருவோர் ஒருபுறம். அவற்றை வாங்க வருவோர் மற்றொருபுறம். வாங்க வந்தவன் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கின்றான்; முதுகெலும்பைத் தடவுகின்றான்; இரு கைகளாலுந் தூக்கி நிறை மதிக்கின்றான்; அதன் பின்னரே விலை கேட்கின்றான். ஓர் ஆட்டினை மதிப்பதற்கு இத்துணை நிதானங் காட்டும் நாம், ஒரு மனிதனை மதிப்பதற்கு எத்துணை நிதானங் காட்டுகின்றோம்? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26ஆம் நாள் இரவில்.

அன்றிரவு ஒடுகத்தூர்க் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையின் முன்னர் இளைஞர் பதின்மர் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நின்றனர். கௌகாத்தி நகரில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானமும் கால்பந்தாடிக்கொண்டிருந்தன. அது சுனில் சேத்திரி தாய்நாட்டிற்காக ஆடிய 150ஆவது ஆட்டம். அவரே முதற் கோலையும் அடித்தார். எனினும் ஆட்டத்தின் இறுதி இருபது நிமிஷங்களில் ஆப்கானியர் இரண்டு கோல்களையடித்து வென்றனர். கௌகாத்தி மைதானத்திற் கூடியிருந்தோர் பயிற்றாசிரியரை இகழ்ந்து கூவினர். இங்கே தேநீர்க் கடையிலும் அவ்வாறே. ஒருவன், "இவனை இன்றிரவே விமானமேற்றி அனுப்பவேண்டும்" என்றான். மற்றவர் கூறியவை அச்சிற்கு ஏலா. வியப்பென்னவெனில், எட்டு மாதங்களுக்கு முன்னர் அதே கடையில், அதே இளைஞர், அதே மனிதரைத் தெய்வம்போற் போற்றியதனை யான் என் செவியாற் கேட்டிருந்தேன்.

அம்மனிதர் இகோர் ஸ்டிமாச் என்னும் பெயரினர், குரோஷியா தேசத்தவர். 1998ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்ற அந்நாட்டுக் குழுவிற் பின்காவலராக ஆடியவர். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியக் குழுவின் தலைமைப் பயிற்றாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் தோகா நகரில், அந்நாளில் ஆசியக் கோப்பையைத் தன் கையில் வைத்திருந்த கத்தார்க் குழுவினை, அதன் சொந்த மைதானத்திலேயே ஒரு கோலும் அடிக்கவொட்டாது நம்மவர் தடுத்து நிறுத்தினர். அன்று நம் பத்திரிகைகள் அவரை வானளாவப் புகழ்ந்தன. 2023ஆம் ஆண்டில் இம்பாலிலும், புவனேசுவரத்திலும், பெங்களூரிலும் மூன்று கோப்பைகள் நம் கைக்கு வந்தன. ஜூலை மாதத்தில் உலக வரிசையில் நம் நாடு 99ஆம் இடத்தை அடைந்தது. தேநீர்க் கடையில் அவர் தெய்வமான காலம் அதுவேயாகும்.

ஆறு திங்கள் கழிந்தன. 2024 ஜனவரியில் நிகழ்ந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என மூன்று ஆட்டங்களிலுந் தோற்று, கோலொன்றேனும் அடியாது நம்மவர் திரும்பினர். அதன்மேல் வந்தது கௌகாத்தித் தோல்வி. பின்னர் ஜூன் 11ஆம் நாள் அதே தோகாவில், அதே கத்தாருடன் ஆடினர். நம்மவர் ஒரு கோல் முந்தியிருந்த வேளையில், எல்லைக்கோட்டைக் கடந்து வெளியே சென்ற பந்தினை எதிர்க் குழுவினர் உள்ளே இழுத்து அடிக்க, அதனையுங் கோலென மத்தியஸ்தர் ஒப்புக்கொண்டார். முடிவில் 1-2 எனத் தோற்றோம். உலகக் கோப்பைத் தகுதிப் பந்தயத்தின் மூன்றாஞ் சுற்றை எட்டும் வாய்ப்பும் அற்றது. ஆறு நாட்களில், ஜூன் 17ஆம் நாள், ஸ்டிமாச் பதவியினின்றும் நீக்கப்பட்டார். தோகாவிற் பிறந்த புகழ் தோகாவிலேயே மாண்டது.

அவரைக் குற்றமற்றவரென நிலைநாட்டுவது என் கருத்தன்று. அபிமானிகளின் மனத்தாங்கல் நியாயமானதே. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாடு, தன் சொந்த மைதானத்தில், போரால் நலிந்த ஒரு சிறு நாட்டிடந் தோற்குமாயின் நெஞ்சம் பொறாது. கூலி வேலை செய்து சீட்டு வாங்கி வந்தவன், "ஏன் தோற்றோம்?" என்று கேட்பதற்கு உரிமையுடையவன். அவ்வினாவை அவன்பொருட்டு அச்சிற் கேட்பது பத்திரிகையின் கடமை. ஸ்டிமாச்சும் நாவடக்கத்திற் சிறந்தவரல்லர், கைகளும் அடங்கினவல்ல. 2023ஆம் ஆண்டு பெங்களூரில் பாகிஸ்தானுடன் ஆடியபொழுது, எதிர்க் குழுவினர் எல்லைக்கு வெளியிருந்து எறியவிருந்த பந்தினைத் தட்டிவிட்டுச் சிவப்புச் சீட்டுப் பெற்றார். அதே பந்தயத்தில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே வெளியேற்றப்பட்டார். பதவியிழந்த பின்னர்ப் பத்திரிகையாளரைக் கூட்டிச் சம்மேளனத் தலைவரைப் பகிரங்கமாகச் சாடினார். மாணவர்க்கு அடக்கங் கற்பிக்க வந்தவர்க்கு இவை அழகல்ல.

ஆயினும் அபிமானிகளும் பத்திரிகைகளும் கேட்டவை யாவை, கேளாது விட்டவை யாவை என்பதை நாம் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நிர்வாகக் குழப்பத்தின் காரணமாக நம் கால்பந்துச் சம்மேளனத்தையே உலகச் சம்மேளனம் சில நாட்கள் விலக்கி வைத்தது. 2023 செப்டம்பரில் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுக்குத் தம் ஆட்டக்காரரை அனுப்பச் சங்கங்கள் மனம் ஒருப்படவில்லை. கிடைத்தவரைத் திரட்டிக்கொண்டு, ஆட்டத்திற்கு முந்தின நாள் மாலையிலேதான் நம் குழு சீனத்திற் சென்றிறங்கியது. மறுநாள் சீனத்திடம் 1-5 எனத் தோற்றது. பிரயாணக் களைப்பு நீங்காத கால்களுக்குப் பயிற்றாசிரியர் என்ன மந்திரம் ஓதுவார்? வேண்டாப் பெண்டாட்டியின் கைபட்டாலுங் குற்றம், கால்பட்டாலுங் குற்றம் என்பார்கள். அங்ஙனமே அனைத்துப் பழியும் ஒருவர் தலையிற் சுமத்தப்பட்டது. அவர் ஒருவரே கோட்டருகில் நின்று யாவருங் காணக் கையசைப்பவர். ஏனையோர் திரைக்குப் பின்னுள்ளார். கண்ணுக்குத் தெரிந்தவனை அடிப்பது எளிதன்றோ?

அவரை நீக்கியதனால் நோய் தீர்ந்ததா? அடுத்து வந்தவர் ஸ்பெயின் தேசத்து மனோலோ மார்க்கெஸ். அவர் காலத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களில் நாம் வென்றது ஒன்றே; அதுவும் மாலத்தீவினரை. ஓராண்டில் அவரும் விலகினார். 2025 ஆகஸ்டில் நம் நாட்டவராகிய காலித் ஜமீல் பொறுப்பேற்றார். அக்டோபர் 14ஆம் நாள் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றதனால், 2027ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குச் செல்லும் தகுதியையும் இழந்தோம். குரோஷியர், ஸ்பானியர், இந்தியர் ஆகிய மூவரும் மாறி மாறி வந்துந் தோல்வி மாறிற்றில்லை. சுவரிலே கசிவிருக்க, திரைச்சீலையை மாற்றிக்கொண்டிருந்தோம் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

இந்நிலையில் நம் நாட்டின் தலைசிறந்த கால்பந்தாசிரியரது வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஐதராபாத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்த சையது அப்துல் ரகீம், பள்ளியாசிரியராகப் பணிபுரிந்தவர். 1951ஆம் ஆண்டு தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் அவர் பயிற்றிய இந்தியக் குழு தங்கப் பதக்கம் பெற்றது. மறுவருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் அவர் குழு யுகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். நம் பாலாற்றங்கரையில், ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் செய்யப்படும் பாதரட்சைகளை இன்று உலகத்தார் அணிகின்றனர். அன்று நம் வீரர் கால்களுக்குத் தோலில்லை! அதற்குப் பின்னரே சம்மேளனம் பூட்ஸ் அணிதலைக் கட்டாயமாக்கிற்று.

அன்பர்களே, பத்துக் கோல் வாங்கிய பயிற்றாசிரியரை இக்காலத்தில் எத்தனை நாள் பதவியில் விட்டுவைப்போம்? மறுநாட் காலைக்குள் அவர் பெயர் கேலிச்சித்திரமாகி நாடெங்கும் கைக்குக் கை பரவியிருக்கும். ஆனால் ரகீமை நாடு விட்டுவிடவில்லை. அவருந் தோல்வியினின்று பாடங் கற்றார். நான்காண்டுகளுக்குப் பின், 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, இறுதியில் நான்காம் இடத்தில் நின்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் நாம் அதற்குமேல் ஏறியதில்லை.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இன்னும் அரிய பாடமாகும். இஸ்ரேலையும் தைவானையும் அப்பந்தயத்திற்கு அழையாததனை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தமையால், அந்நகர மக்கள் இந்தியர்மேற் சினங்கொண்டிருந்தனர். இறுதியாட்டத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டனர். முதலாட்டத்தில் எந்தத் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றிருந்தோமோ, அதே குழுவே இறுதியிலும் எதிர்நின்றது. ரகீமோ அப்பொழுதே கொடிய நோய்வாய்ப்பட்டிருந்தார். தலையில் அடிபட்டுத் தையலிட்டிருந்த பின்காவலர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார். உடல்நலங் குன்றி முன்னாட்டங்களில் ஒதுங்கியிருந்த பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்திற் கோல் காக்க அழைத்தார். தங்கராஜ், மதராஸ் ரெஜிமெண்டு மையத்தின் குழுவில் ஆடிப் பேரெடுத்த வீரர். பி. கே. பானர்ஜி ஒரு கோலும், அடிபட்ட அந்த ஜர்னைல் சிங்கே மற்றொரு கோலும் அடிக்க, 2-1 எனத் தங்கம் நமதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரகீம் புற்றுநோயால் மறைந்தார்.

சற்றே சிந்தியுங்கள். ஜர்னைல் சிங் அந்தக் கோலை அடியாதிருந்தால்? தங்கராஜின் கை ஒரு பந்தினைத் தவறவிட்டிருந்தால்? "பின்காவலனை முன்னே விட்ட பேதை", "நோயிலிருந்து எழுந்தவனைக் காவலில் நிறுத்திய குருடன்" என்று உலகம் ரகீமை ஏசியிருக்கும். துணிவு ஒன்றே, முடிவு மாறினால் அதன் பெயரும் மாறுகின்றது. வென்றால் மதிநுட்பம், தோற்றால் மடமை! ஆகவே, முடிவை மட்டுங் கண்டு ஒரு தீர்மானத்தை மதிப்பிடுவோன் உண்மையில் எதனையும் மதிப்பிடுகிறானில்லை. கோல் எண்ணிக்கையை உரத்துப் படிக்கின்றான், அவ்வளவே. அத்தீர்மானம் எக்காரணம்பற்றி எடுக்கப்பட்டது, அவ்வேளையில் அறியக்கூடியவை யாவை, வேறு வழியுண்டா என்று ஆராய்வதே விமர்சனமாகும்.

இந்த ரகீமின் வாழ்க்கை 2024 ஏப்ரலில் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படமாக வெளிவந்தது. கற்பனை கலந்த கதையேயாயினும், பத்திரிகைகளின் ஏச்சையும் அதிகாரிகளின் இடையூற்றையுந் தாங்கி நின்ற ஓர் ஆசிரியரை அது காட்டிற்று. மக்கள் கண்ணீர் மல்கக் கைதட்டினர். கௌகாத்தியின் கூச்சல் அடங்கி மூன்று வாரங்கூட ஆகவில்லை! இறந்த ஆசிரியருக்குத் திரையரங்கிலே கைதட்டல். இருக்கும் ஆசிரியருக்கு மைதானத்திலே வசைமாரி. ஸ்டிமாச் ரகீமுக்கு ஒப்பானவர் என யான் கூறவில்லை. ஆனால் நம் முன் நிற்பவர் ரகீமா அல்லரா என்பதை அறிதற்கு வேண்டிய பொறுமை நம்மிடம் இல்லையென்றே கூறுகின்றேன்.

பயிற்றாசிரியர்க்கும் ஈண்டு ஒரு படிப்பினை உண்டு. 1997ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பாகானும் கிழக்கு வங்காளச் சங்கமும் சம்மேளனக் கோப்பையின் அரையிறுதியில் மோதின. மோகன் பாகானின் ஆசிரியர் அமல் தத்தர், 'வைர வியூகம்' என்னும் புதுமுறையை வகுத்த பேரறிஞர். ஆனால் ஆட்டத்திற்கு முன் எதிர்க் குழுவினரை அவர் எள்ளி நகையாடினார். பாய்சுங் பூட்டியாவின் பெயரையுந் திரித்துக் கேலி பேசினார். பத்திரிகைகள் அச்சொற்களை நாள்தோறும் நெய்யூற்றி வளர்த்தன. மைதானத்திற் கூடினோர் ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். எதிர்க் குழுவின் ஆசிரியராயிருந்தவர், ஜகார்த்தாவிற் கோலடித்த அதே பி. கே. பானர்ஜி. அவர் எதிர்ச்சொல் வீசாது அந்த ஏளனத்தையே தம் வீரர்க்கு ஊக்கமாக்கினார். பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார். 4-1 எனக் கிழக்கு வங்காளம் வென்றது. தத்தரின் அறிவு பெரிது. எனினும் அன்று அவர் நாவே அவர் எதிரிகளுக்குப் பன்னிரண்டாவது ஆட்டக்காரனாயிற்று.

பிறரைச் சொல்லிக்கொண்டு வந்த யான் என் பிழையையும் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். யான் கல்லூரி விடுதியில் வாழ்ந்த நாளில் எங்கள் குழு ஓர் அயலூரில் 0-6 எனத் தோற்றுத் திரும்பியது. எங்கள் தேகப்பயிற்சி ஆசிரியர் சற்றே கால் சாய்த்து நடப்பவர். அன்றிரவு யான் விடுதிக் கரும்பலகையில் அவரைப்பற்றி எட்டு வரி கேலியாக எழுதினேன். எட்டு வரிகளும் அவர் நடையைப்பற்றியவை. ஆட்டத்தைப்பற்றி ஒரு வரியும் இல்லை. விடுதியே நகைத்தது, யானும் பெருமிதங் கொண்டேன். காலையிற் பார்த்தபொழுது வரிகள் அழிக்கப்படவில்லை. ஆனால் இரண்டு சொற்களின்மேல் வட்டமிடப்பட்டிருந்தது. பயிற்சி, முயற்சி என்னும் இரு சொற்களிலும் யான் மிகையாக ஒரு சகர மெய்யை இட்டிருந்தேன், அவை திருத்தப்பட்டிருந்தன. மாலையில் அவர் என்னைக் கண்டு, "தம்பி, எழுத்துப் பிழை இரண்டையும் நான் திருத்திவிட்டேன். ஆட்டத்திலிருந்த பிழைகளை நீ எழுதியிருந்தால் எனக்கு உதவியாயிருக்கும்" என்று சொல்லி, பந்துகளைச் சாக்கிற் போட்டுத் தோளிலேற்றிக்கொண்டு மைதானத்திற்குச் சென்றார். அதற்கு அன்று விடை கூற இயலவில்லை, இன்றும் இயலவில்லை. கரும்பலகையில் யான் செய்ததனை இன்று கைப்பேசியிற் கோடிப்பேர் செய்கின்றனர். வேற்றுமை என்னவெனில், கரும்பலகையை அழிக்கலாம்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் நாளைப் பயிற்றாசிரியராவீர், சிலர் பத்திரிகையாளராவீர், எல்லீரும் பார்ப்போராவீர். மூவர்க்கும் மூன்று சொற்கள். பார்ப்போரே, தோல்வியன்று வருந்துங்கள், வினவுங்கள்; ஆனால் ஒருவருடைய உடலையும், நாட்டையும், குடும்பத்தையும் இகழாதீர். பத்திரிகையாளரே, யார் பிழை என்பதற்கு முன் எது பிழை என்று கேளுங்கள்; கோட்டருகில் நிற்பவரைக் கேட்ட அதே கேள்வியைத் திரைக்குப் பின்னிருப்பவரையுங் கேளுங்கள். பயிற்றாசிரியரே, தோற்ற நாளிலும் முன்வந்து நின்று, செய்தது இன்னது, செய்ததன் காரணம் இன்னது என்று விளக்குங்கள். மௌனமுஞ் சினமும் ஆகிய இரண்டுமே ஐயத்தை வளர்ப்பன.

பொறுமையென்பது கண்மூடியிருத்தலன்று என்பதை நம் பக்கத்தார்க்கு வேறொருவர் கற்பிக்கவேண்டுவதில்லை. பச்சைத்தோல் ஒரு நாளிற் பதமாகாது. ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கிற் கிடத்தியே நம் முன்னோர் அதனைப் பதப்படுத்தினர். இடையிடையே மேஸ்திரி அதனை எடுத்து, ஓரத்தைச் சிறிதே அறுத்து, சாறு உள்வரை ஏறிற்றா என்று பார்ப்பான். ஏறவில்லையெனின் மீண்டும் சாற்றிலிடுவான், அழுகியதெனின் தள்ளுவான். பார்க்காமலே புகழ்வதும் அவன் வழக்கமன்று. பார்க்காமலே வீசுவதும் அவன் வழக்கமன்று. ஆட்டையுந் தோலையும் இவ்வாறு அறிந்து மதிக்கும் நம் நாட்டார், அந்த ஒரு கண்ணை மைதானத்திற்கும் கொண்டு செல்வார்களாயின், நம் ஆசிரியர்க்கும் ஆட்டத்திற்கும் அதுவே பேருதவியாகும்.